எச்சில் சோறும் வேப்பஞ்சருகும்

எங்கள் விடுதி உணவுக்கூடத்தின் பின்வாசலில், கை கழுவும் இடத்துக்கும் பாத்திரம் துலக்கும் தொட்டிக்கும் நடுவே, மூன்று நீல டிரம்கள் எப்போதும் நிற்கும். காலையில் முதல் டிரம்மில் பொங்கலும் சட்னியும் விழத் தொடங்கும். இரவு பத்து மணிக்குள் மூன்றும் விளிம்பு தட்டிவிடும். அங்கிருந்து இருபது அடி தள்ளி ஒரு முதிய வேம்பு நிற்கிறது. மாசி மாதத்தில் அதன் அடியில் கணுக்கால் புதையும் அளவுக்குச் சருகு கிடக்கும். டிரம்மில் இருந்ததைப் பல ஆண்டுகளாக டிராக்டரில் ஏற்றி ஊர்க் குப்பைமேட்டில் கொட்டி வந்தோம். மரத்தடியில் இருந்ததைக் கூட்டிக் குவித்து அங்கேயே கொளுத்தி வந்தோம். சோறு அழுகுவதற்கும் சருகு புகைவதற்கும் நடுவே இருபது அடி தூரம்தான் இருந்தது என்பது எனக்கு உறைக்க ஒரு வாரம் குப்பையோடு உட்கார வேண்டியிருந்தது.

நான் வேதியியல் கற்பிப்பவன். வளாகத் தூய்மைக் குழுவில் என்னையும் சேர்த்தபோது, கூட்டங்களில் எல்லாம் எத்தனை தொட்டி வாங்குவது, எந்த நிறத்தில் வாங்குவது, உரம் செய்யும் எந்திரம் வாங்கலாமா என்ற பேச்சே நடந்துகொண்டிருந்தது. குப்பையில் என்ன இருக்கிறது என்று எவரும் பார்க்கவில்லை. நாடி பிடித்துப் பார்க்காமல் மருந்துச் சீட்டு எழுத முடியாது என்று சொல்லி, ஒரு வாரக் குப்பையைப் பிரித்து எடை போட அனுமதி கேட்டேன். கொடுத்தார்கள்.

குப்பையின் கலவையை அறியும் முறை பழையது, எளியது. வந்த குப்பையைத் தரையில் கொட்டி நன்றாகக் கலந்து, வட்டமாகப் பரப்பி, நான்கு கூறாகப் பிரிக்க வேண்டும். எதிரெதிரான இரண்டு கூறுகளை ஒதுக்கிவிட்டு மிச்ச இரண்டையும் மறுபடி கலந்து, மறுபடி நான்காகப் பிரிக்க வேண்டும். தேவையான அளவுக்குக் குறையும் வரை இப்படியே செய்து, பிறகு அந்த மாதிரியைக் கையால் பொறுக்கி வகை வகையாக எடை போட வேண்டும். அமெரிக்கத் தர அமைப்பான ஏ.எஸ்.டி.எம். வகுத்த டி 5231 என்னும் முறை, ஒரு மாதிரி 91 முதல் 136 கிலோ வரை இருக்க வேண்டும் என்றும் அளவீடு குறைந்தது ஒரு வாரமாவது நீடிக்க வேண்டும் என்றும் சொல்கிறது. வாரம் முழுவதும் ஏன் என்பது விடுதியில் இருந்தவர்களுக்கு விளங்கும். ஞாயிற்றுக்கிழமைக் குப்பையும் புதன்கிழமைக் குப்பையும் ஒரே வளாகத்தின் குப்பை போலவே தோன்றாது.

பணிமனைக்குப் பின்னால் தார்ப்பாய் விரித்து, மாணவர்களோடு கையுறை மாட்டி உட்கார்ந்தோம். எங்களுக்குத் துணையாக வந்தவர்களில் மூத்த தூய்மைப் பணியாளர் அக்கா ஒருவர் இருந்தார். மூட்டையைப் பிரிப்பதற்கு முன்பே, தூக்கிப் பார்த்து அது எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிடுவார். கனமாகவும் அடியில் கசிந்தும் இருந்தால் மெஸ். தூக்கினால் சரசரவென்று சத்தம் கேட்டால் விடுதி அறைகள். எடையே இல்லாமல் உப்பியிருந்தால் கேன்டீன் வாசல் தொட்டி. "இது ஞாயித்துக்கிழமை மூட்டை சார், எலும்பு இருக்கும், பாத்துக் கைய வைங்க" என்று ஒருமுறை எச்சரித்தார். பிரித்தபோது பிரியாணி எலும்புகள் கவரைக் குத்திக்கொண்டு நின்றன. நாங்கள் தராசு வைத்துக் கண்டுபிடிக்க வந்ததைப் பெரும்பகுதி அவர் தோளிலேயே சுமந்து தெரிந்துவைத்திருந்தார். அவரை இதற்கு முன் எந்தக் கூட்டத்துக்கும் நாங்கள் அழைத்ததில்லை. அது பெரிய தவறு.

முதல் நாள் முடிவிலேயே கண்ணும் தராசும் வேறு வேறு கதை சொல்லின. தார்ப்பாயில் இடத்தை அடைத்துக்கொண்டு நின்றவை பிளாஸ்டிக் கவர்கள், தண்ணீர் பாட்டில்கள், பார்சல் டப்பாக்கள், காகிதக் கோப்பைகள். தராசில் ஏற்றியதும் அந்தக் குவியல்கள் பஞ்சாகப் போய்விட்டன. முள்ளை இழுத்துப் பிடித்தது சோறும் காய்கறிக் கழிவும்தான். வளாகத்தின் குப்பைப் பிரச்சினை என்றதும் பிளாஸ்டிக் மட்டுமே எல்லார் நினைவுக்கும் வருவதற்குக் காரணம், அது கண்ணுக்குத் தெரிவது, காற்றில் பறப்பது, வேலியில் மாட்டிக்கொள்வது. ஆனால் டிராக்டர் சுமந்த எடையில் பெரும்பகுதி சோறு, அந்தச் சோற்றிலும் நூற்றுக்கு எழுபது எண்பது பங்கு தண்ணீர். டீசல் போட்டு ஊர் எல்லை வரை நாங்கள் தண்ணீரைத்தான் கொண்டுபோய்க் கொட்டிக்கொண்டிருந்தோம்.

இந்தக் கலவை ஊருக்கு ஊர் மாறும். மெக்சிகோவில் அமெரிக்க எல்லையை ஒட்டிய மெக்சிகாலி நகரத்துப் பல்கலைக்கழக வளாகம் ஒன்றின் குப்பையை ஆராய்ந்து 2008இல் ஒரு கட்டுரை வெளியானது. நாளொன்றுக்கு ஒரு டன் குப்பை சேரும் அந்த வளாகத்தில் 65 விழுக்காட்டுக்கும் மேற்பட்டது மறுசுழற்சிக்கு ஆவது அல்லது ஆக வாய்ப்புள்ளது என்று கண்டார்கள். கனடாவின் பிரின்ஸ் ஜார்ஜ் நகரில் உள்ள வட பிரிட்டிஷ் கொலம்பியப் பல்கலைக்கழகத்தில் நடந்து 2010இல் வெளியான ஆய்வில், வாரத்துக்கு 1.2 முதல் 2.2 டன் வரை சேரும் குப்பையில் 70 விழுக்காட்டுக்கு மேல் குப்பைமேட்டுக்குப் போகாமல் தடுத்திருக்க முடியும் என்று தெரிந்தது. அங்கே முதலில் கவனிக்க வேண்டியவை என்று அவர்கள் காட்டியவை காகிதம், ஒருமுறை குடித்து எறியும் பானக் கலன்கள், மட்கும் கழிவு. நம் நாட்டின் நகரக் குப்பைக்குப் பரவலாக எடுத்துக்காட்டப்படும் கணக்கு வேறு: மட்கும் பொருள் ஏறக்குறைய 51 விழுக்காடு, மறுசுழற்சிக்கு ஆகும் பொருள் 17.5 விழுக்காடு, மண், கல், சாம்பல் போன்றவை 31 விழுக்காடு. அந்த மூன்றாம் பங்கு தெருக்கூட்டலிலிருந்தும் சாக்கடைத் தூரிலிருந்தும் கட்டட இடிபாட்டிலிருந்தும் வருவது. மரங்கள் அடர்ந்த ஒரு வளாகத்தில் அந்த மண்ணின் இடத்தைச் சருகு பிடித்துக்கொள்கிறது.

நகரத்தோடு ஒப்பிட்டால் பல்கலைக்கழக வளாகத்துக்கு ஒரு பெரிய வசதி உண்டு. நகரத்தில் குப்பை ஆயிரக்கணக்கான வாசல்களிலிருந்து வருகிறது. வளாகத்தில் நான்கைந்து வாசல்களிலிருந்துதான் வருகிறது. மெஸ், கேன்டீன், விடுதித் தாழ்வாரம், துறைக் கட்டடங்கள், மரத்தடி, அவ்வளவுதான். என்றைக்கு என்ன வரும் என்பது மெஸ் பட்டியலிலும் தேர்வுக் கால அட்டவணையிலும் எழுதியே இருக்கிறது. ஆயிரம் பேர் சாப்பிடும் ஒரு மெஸ்ஸில் ஒவ்வொருவரும் நாள் முழுவதற்கும் சேர்த்து நூறு கிராம், அதாவது இரண்டு கைப்பிடி சோறு, மிச்சம் வைத்தால் 100 கிலோ ஆகிவிடும். 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் நாளொன்றுக்குச் சராசரியாக 100 கிலோவுக்கு மேல் குப்பை உண்டாக்கும் இடங்களைப் பேரளவுக் கழிவு உண்டாக்குவோர் என்று வகுத்தன. கல்லூரி, பல்கலைக்கழகம், விடுதி எல்லாம் அதில் அடங்கின. குப்பையைப் பிறக்கும் இடத்திலேயே தரம் பிரிக்க வேண்டும், மட்கும் கழிவை முடிந்தவரை வளாகத்துக்குள்ளேயே உரமாகவோ எரிவாயுவாகவோ மாற்ற வேண்டும் என்பது அந்த விதிகளின் சாரம். சுற்றுச்சூழல் செயற்பாட்டாளர் அல்மித்ரா படேல் 1996இல் உச்ச நீதிமன்றத்தில் தொடுத்த பொதுநல வழக்கின் விளைவாக 2000இல் வந்த விதிகளை அடுத்து வந்தவை அவை. அதே வழக்கின் தொடர்ச்சியில்தான், 2016 டிசம்பரில், தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் திறந்தவெளியில் குப்பையைக் கொளுத்துவதற்கு நாடெங்கும் தடை விதித்து, சிறிய அளவுக்கு 5,000 ரூபாயும் பேரளவுக்கு 25,000 ரூபாயும் அபராதம் என்று அறிவித்தது. எங்கள் வேம்படியில் அதற்குப் பிறகும் புகை எழுந்துகொண்டுதான் இருந்தது.

பச்சைத் தொட்டியும் நீலத் தொட்டியும் எங்களிடமும் இருந்தன. ஒவ்வொரு கட்டட வாசலிலும் இணை இணையாக வைத்திருந்தோம். முதல் மாதத்தில் மாணவர்கள் நின்று நிதானித்து, வாழைப்பழத் தோலை ஒன்றிலும் பாட்டிலை மற்றொன்றிலும் போட்டதை நானே பார்த்திருக்கிறேன். ஆனால் காலை ஆறரை மணிக்கு வரும் டிராக்டருக்கு ஒரே பெட்டிதான். இரண்டு தொட்டியையும் அதில்தான் கவிழ்த்தார்கள். வேறு வழி அவர்களுக்குக் கொடுக்கப்படவில்லை. விடுதி மாடியிலிருந்து அதைப் பார்த்த பிள்ளைகள் பிரித்துப் போடுவதை நிறுத்திவிட்டார்கள். மாணவர்களுக்கு விழிப்புணர்வு இல்லை என்று பிறகு கூட்டத்தில் பேசப்பட்டபோது எனக்கு மனம் கொதித்தது. பிரித்துப் போட்டவர்களின் உழைப்பை அவர்கள் கண்ணெதிரே கலந்து கொட்டியவர்கள் நாம். டிராக்டர்ப் பெட்டியின் நடுவே ஒரு பலகைத் தடுப்பு வைக்க ஆன செலவு ஒரு விழிப்புணர்வுப் பேரணியின் பதாகைச் செலவைவிடக் குறைவு.

சோற்றுக்கு வருகிறேன். முன்பெல்லாம் பக்கத்து ஊரில் பன்றி வளர்க்கும் ஒருவர் வண்டி கொண்டுவந்து மெஸ் டிரம்களை எடுத்துப் போவார். பார்சல் டப்பாவும் கெச்சப் பொட்டலமும் டிஷ்யூவும் சோற்றோடு கலந்து விழத் தொடங்கிய பிறகு, அவர் டிரம்மைத் தரையில் கவிழ்த்து, பிளாஸ்டிக்கை ஒவ்வொன்றாகப் பொறுக்கி எறிந்துவிட்டுச் சோற்றை அள்ளிப் போவதைப் பார்த்திருக்கிறேன். ஒருநாள் வருவதை நிறுத்திக்கொண்டார். பன்றி தின்னக்கூடாததைக் கலந்துவிட்டால் அது உரத்துக்கும் ஆகாது, எரிவாயுக் கலத்துக்கும் ஆகாது என்பதற்கு அவர் போனதே போதிய அறிகுறி. நாங்கள் கவனிக்கவில்லை.

அதற்குப் பிறகு உரக்குழி கட்டினோம். மண்புழு உரம் என்று பலகை எழுதி, சிமெண்ட் தொட்டிகளில் மெஸ் கழிவை நேராகக் கொட்டினோம். பத்தே நாளில் புளித்த நாற்றம் விடுதி சன்னல் வரை எட்டியது. தொட்டியின் விளிம்பில் வெள்ளைப் புழுக்கள் நெளிந்தன. விட்ட மண்புழுக்களில் ஒன்றும் மிஞ்சவில்லை. மாணவர்கள் முறையிட்டார்கள், தொட்டி மூடப்பட்டது, உரம் என்பது இங்கே சரிப்படாது என்று குறிப்பேட்டில் எழுதப்பட்டது. ஆராய்ந்து பார்த்தால் அதில் வியப்பதற்கு எதுவும் இல்லை. சமைத்த உணவில் உப்பும் எண்ணெயும் புளியும் இருக்கின்றன. மண்புழுவுக்கு உப்பு ஆகாது, புளிக்கும் குவியலின் சூடும் ஆகாது. சோறு குழைந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதால் உள்ளே காற்று போக வழியில்லை. காற்றில்லாத இடத்தில் வேறு வகை நுண்ணுயிர்கள் வேலையை எடுத்துக்கொள்கின்றன. அவை உண்டாக்கும் அமிலங்களும் கந்தகச் சேர்மங்களும்தான் அந்த நாற்றம். குப்பைமேட்டின் அடியிலும் இதுவே நடக்கிறது. அங்கே பிறக்கும் மீத்தேன், நூறாண்டுக் கணக்கில், கரியமில வாயுவைப் போல ஏறக்குறைய 28 மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கக்கூடியது.

குவியலுக்கு வேண்டியது கரிமம் 25 அல்லது 30 பங்குக்குத் தழைச்சத்து ஒரு பங்கு, ஈரம் ஐம்பது அறுபது விழுக்காடு, மூச்சுவிட இடைவெளி. அதே கணக்கில் உணவுக் கழிவில் கரிமம் ஏறக்குறைய 15 பங்குதான். ஈரமோ மிக அதிகம். காய்ந்த சருகில் கரிமம் 40 முதல் 80 பங்கு வரை. ஈரம் கிட்டத்தட்ட இல்லை. விறைப்பாக இருப்பதால் காற்றுக்கு இடம் விடும். சோற்றிடம் இல்லாதவை எல்லாம் சருகிடம் இருக்கின்றன. நான் வகுப்பில் கரும்பலகையில் எழுதிச் சொல்லக்கூடிய பாடம் இது. ஆனால் மெஸ் டிரம் ஒரு துறையின் பொறுப்பிலும் மரத்தடி இன்னொரு பிரிவின் பொறுப்பிலும் இருந்ததால், இரண்டையும் ஒரே காகிதத்தில் எழுதிப் பார்க்க எவருக்கும் தோன்றவில்லை, எனக்கும்தான்.

இரண்டாம் முறை, ஒரு வாளி சோற்றுக்கு மூன்று வாளி சருகு என்று அடுக்கினோம். அடியில் சுள்ளி, அதன்மேல் சருகு, நடுவில் உணவுக் கழிவு, மேலே மறுபடி சருகுப் போர்வை. பழைய உரம் ஒரு கூடை தூவி, வாரம் ஒருமுறை புரட்டினோம். மூன்றாம் நாள் அக்கா ஓர் இரும்புக் கம்பியைக் குவியலின் வயிற்றில் செருகி, சற்று நேரம் விட்டு உருவி, புறங்கையில் தொட்டுப் பார்த்தார். "சுடுது சார், வேல செய்யுது" என்றார். அன்றிலிருந்து அந்தக் கம்பிதான் எங்கள் வெப்பமானி. ஆய்வகத்திலிருந்து நான் கொண்டுபோன கருவி அதை உறுதிப்படுத்தும் வேலையைத்தான் செய்தது. 55 பாகைக்கு மேல் சில நாள் நிலைத்தால் நோய்க்கிருமிகளும் களை விதைகளும் பெரும்பாலும் மடிந்துவிடும். மார்கழிக் காலையில் குவியலைப் புரட்டும்போது உள்ளிருந்து ஆவி எழும்; இட்லிக் கொப்பரையைத் திறந்தது போலிருக்கும். இரண்டு மாதம் கழித்து, சூடு தணிந்து கறுத்துப் பொலபொலவென்று ஆனபின் முகர்ந்தால் முதல் மழை விழுந்த தரையின் வாசனை. மண்ணில் வாழும் ஆக்டினோமைசீட்டு நுண்ணுயிர்கள் உண்டாக்கும் ஜியோஸ்மின் என்ற சேர்மத்தின் வாசனை அது. மண்புழுக்களை இந்தக் கட்டத்தில் விட்டால் வாழ்கின்றன.

எரிவாயு வழியும் உண்டு. பாபா அணு ஆராய்ச்சி மையத்தில் சரத் காலே உருவாக்கிய நிசர்க்ருணா என்ற எரிவாயுக் கலம் சமையலறைக் கழிவை முன்கூட்டியே அரைத்துக் கரைத்துச் செரிக்க வைக்கும் வகையைச் சேர்ந்தது. தோராயமாக 400 கிலோ உணவுக் கழிவிலிருந்து 19 கிலோ வணிக சிலிண்டர் ஒன்றுக்கு ஈடான வாயு கிடைக்கலாம். பெரிய மெஸ்களுக்கு அது பொருந்தும். ஆனால் தினமும் தீனி போட்டு, எலும்பும் பிளாஸ்டிக்கும் போகாமல் காவல் காக்கும் ஓர் ஆள் இல்லாமல் அதைக் கட்டுவது வீண். ஆளுக்குச் சம்பளம் ஒதுக்கிவிட்டு எந்திரம் வாங்கட்டும் என்று நான் எழுதியே கொடுத்தேன்.

உலர்ந்த குப்பையில் பழைய பேப்பர் கடைக்காரர் ஆசையோடு எடுத்துக்கொள்பவை தெளிவானவை: அட்டைப் பெட்டி, வெள்ளைத் தாள், தண்ணீர் பாட்டில், கழுவிய பால் கவர், இரும்பு. கழுவாத பால் கவரை அவர் தொடமாட்டார். எண்ணெய் ஊறிய பார்சல் டப்பா, மறுசுழற்சி முத்திரை அச்சிட்டிருந்தும், விலை போகாது. சிப்ஸ் பொட்டலம் பிளாஸ்டிக் படலங்களும் மெல்லிய அலுமினியப் பூச்சும் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிய தாள். அதைப் பிரிக்க எந்தக் கடையிலும் வழியில்லை. இப்படிப்பட்டவற்றுக்குச் சிமெண்ட் ஆலை உலைதான் கடைசிப் போக்கிடம். சென்னைக் குப்பைமேடுகளிலிருந்து பிரித்தெடுத்த, எரிபொருளாகப் பயன்படும் கழிவுகூட அரியலூர்ப் பக்கத்து ஆலைகளுக்குப் போகிறது. காகிதக் கோப்பை காகிதம் என்று நம்பி உரக்குழியில் போட்டவர்கள் அதன் உட்புறத்துப் பாலித்தீன் படலம் மட்கும் மண்ணில் அப்படியே மிஞ்சியிருப்பதைப் பின்னால் காண்பார்கள். 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்ட 14 வகைப் பொருள்களில் பிளாஸ்டிக் பூசிய காகிதக் கோப்பையும் காகிதத் தட்டும் அடங்கும் என்பதைப் பலர் மறந்துவிட்டார்கள். எங்கள் கேன்டீனில் எவர்சில்வர் டம்ளர் திரும்பி வந்த வாரத்தில் வாசல் தொட்டியின் உப்பல் வற்றியது.

ஆய்வகக் கழிவுக்கும் மின்னணுக் கழிவுக்கும் தனிச் சட்டங்கள் உண்டு. அவற்றைப் பொதுக் குப்பையோடு சேர்க்கவே கூடாது என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். ஆனால் ஒன்றை எழுதாமல் விட முடியாது. பிரித்துக்கொண்டிருந்த மூன்றாம் நாள், துறைக் கட்டடத்திலிருந்து வந்த ஒரு காகிதப் பொதியிலிருந்து உடைந்த பியூரெட், அதாவது ஆய்வகத்து அளவுக் கண்ணாடிக் குழாயின், துண்டு வெளிப்பட்டது. என் துறையாகவே இருக்கலாம். எங்கள் கையுறை தடிமனாக இருந்ததால் ஒன்றும் ஆகவில்லை. அக்கா தன் இடது கைப் பெருவிரலைக் காட்டினார். அடிப்புறத்தில் வெள்ளைத் தழும்பு. எப்போது என்று கேட்டேன். எந்தத் தழும்பைக் கேட்கிறீர்கள் என்பது போலப் பார்த்தார். மகளிர் விடுதி மூட்டைகளில் சானிட்டரி நாப்கின்களைத் தாளில் சுற்றித் தனியாகக் கட்டிப் போட வேண்டும் என்று விதி இருக்கிறது. சுற்றாமல் வந்ததையெல்லாம் வெறுங்கையால் எடுத்துத்தான் இத்தனை ஆண்டுகள் பிரித்திருக்கிறார்கள். அந்த வாரத்துக்குப் பிறகு, உடைந்த கண்ணாடிக்கு ஒவ்வோர் ஆய்வகத்திலும் மூடியிட்ட தகர டின், நாப்கின்களுக்குச் சிவப்புக் குறியிட்ட தனிப் பை, பணியாளர்களுக்குத் தடித்த கையுறை மாதம் ஒருமுறை மாற்றித் தருவது என்ற மூன்றையும் வேறு எந்தத் திட்டத்துக்கும் முன்பாக நிறைவேற்றச் சொல்லி வாதாடினேன். சில மாதங்களில் கையுறை இப்போதும் தாமதமாகவே வருகிறது. ஒவ்வொரு முறையும் கேட்டு வாங்குகிறோம்.

உண்டாகும் சோற்றுக் கழிவைக் குறைப்பது உரமாக்குவதைவிட முந்திய வேலை. இங்கே சமையலறையின் பங்கு பாதி. வெள்ளிக்கிழமை மாலை எத்தனை பேர் ஊருக்குப் போகிறார்கள் என்பது சமையல்காரருக்குத் தெரியாவிட்டால் அவர் முழு எண்ணிக்கைக்கே உலை வைப்பார். நூறு கிலோ சோறு வீணானால், வேகும்போது அரிசி இரண்டரை மூன்று மடங்காகப் பெருகும் கணக்கில், 25 கிலோ சிப்பம் ஒன்றுக்கும் மேலே அரிசி போனதாகப் பொருள். வெள்ளி, சனி இரவுகளுக்குச் சாப்பிட வருவோர் நண்பகலுக்குள் பெயர் எழுதும் வழக்கம் வந்த பிறகு, அண்டாவில் மிஞ்சுவது கண்கூடாகக் குறைந்தது. தட்டில் மிஞ்சுவதற்கு, டிரம்களை எடை போட்டு முந்தைய நாள் கணக்கைக் கை கழுவும் இடத்துக்கு மேலே ஒரு பலகையில் சாக்பீஸால் எழுதத் தொடங்கினோம். அறிவுரை எதுவும் எழுதவில்லை, எத்தனை கிலோ, எத்தனை சிப்பம் என்று மட்டும்தான். உப்புமா நாளில் எண் ஏறும். ஏன் என்று மாணவர்களே மெஸ் குழுவில் கேட்டு, உப்புமாவின் பக்குவத்தை மாற்ற வைத்தார்கள். அது குப்பைக் கணக்கெடுப்பால் சாத்தியமான மாற்றம் என்பதில் எனக்கு மகிழ்ச்சி.

இப்போது எங்களுக்கு இருக்கும் சிக்கல் காலம் பற்றியது. சோறு ஆண்டு முழுவதும் வருகிறது. சருகு மாசியிலும் பங்குனியிலும் மலைபோல் குவிகிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் மரத்தடியில் கிடைப்பதெல்லாம் நனைந்த இலை. அதைச் சோற்றோடு சேர்த்தால் பழைய நாற்றம் திரும்பிவிடும். போன ஆண்டு ஐப்பசியில் இரண்டு வாரம் குவியல் சூடேறவே இல்லை. கம்பி சில்லென்று வெளியே வந்தது. தச்சுப் பட்டறையிலிருந்து மரத்தூள் கடன் வாங்கித்தான் சமாளித்தோம். அதனால் இந்த மாசியில் வேம்படிச் சருகில் ஒரு கைப்பிடியைக்கூடக் கொளுத்த விடாமல், புங்கமும் தூங்குமூஞ்சியும் உதிர்த்ததையும் சேர்த்து, பணிமனைக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட கொட்டகையில் மூட்டை மூட்டையாக அடுக்கினோம். பங்குனி முடிவதற்குள் கொட்டகை கூரை முட்டிவிட்டது. தாழ்வாரத்தில் நின்று மூட்டைகளை எண்ணிப் பார்த்துவிட்டு அக்கா சொன்னார்: "ஐப்பசி வரைக்கும் தாங்கும் சார். கார்த்திகைக்கு இன்னும் முப்பது மூட்ட வேணும். இந்தப் பக்கம் ரெண்டு தகரம் நீட்டிக் கொடுங்க, உதிந்து கெடக்கறத அள்ளிட்டு வந்துடறோம்." தகரத்துக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.